ஜெஸ்னா எழுதிக்கொடுத்த லிவிங் வில்

நெய்யாற்றின்கரை கோர்ட்டில் விபத்து வழக்குகள் நடத்தும் ஜினிக்கு ஞாயிற்றுக்கிழமை பேப்பரைப் பிரித்தாலே வயிறு எரியும். லா காலேஜில் கூடப் படித்த ஜெஸ்னா அதில் படத்தோடு எழுதுவாள். கொச்சியில் சட்டப் பேராசிரியை. ஒருவருடைய சொந்த முடிவில் சட்டம் எவ்வளவு தூரம் தலையிடலாம் என்று டிவியிலும் பேசுவாள். மாணவியாக இருந்தபோது வாதப் போட்டிகளில் அவளை ஜெயித்தவள் ஜினி. அது இப்போது ஜினிக்கு மட்டும்தான் ஞாபகம்.

போதாததற்கு அப்பா சுந்தரதாஸ் ஜெஸ்னாவின் ரசிகர். பாறசாலை டெப்போவில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி புஷ்பபாய் வென்டிலேட்டரில் நாள்கணக்கில் கிடந்து இறந்ததைப் பார்த்தவர். மரியாதையாகச் சாகும் உரிமை பற்றி ஜெஸ்னா எழுதியதைப் படித்த அன்றே அவளுக்கு போன் செய்துவிட்டு, பிறகுதான் மகளிடம் சொன்னார்.

"மக்கா, எனக்கும் லிவிங் வில் வேணும். தேறமாட்டேன்னு ஆனா மிஷின் மாட்டி என்னைக் கிடத்தப்பிடாது. ஜெஸ்னா எழுதித் தாறேன்னு சொல்லியாச்சு."

"வீட்டுல ஒரு வக்கீல் உண்டுன்னு அப்பாக்கு மறந்து போச்சா?"

"நீ ஆக்சிடென்ட் கேஸு பாக்கவளாக்கும். அவ இதையே படிச்சவ இல்லியா?"

ஜினி அன்று சாப்பிடவில்லை.

ஜெஸ்னா அனுப்பியதைப் பிழை தேடித் தேடிப் படித்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு சொல் கூடுதல் இல்லை. தப்பு இருந்திருந்தால் அவளை மன்னித்திருப்பாள். நோட்டரி ஊரில் இல்லை என்று அப்பாவிடம் பொய் சொல்லி இழுத்தடித்தாள். அவரோ சர்ச் நண்பர்கள் இரண்டு பேரைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி நோட்டரியிடம் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அவருக்குச் சுயநினைவு இல்லாதபோது முடிவு சொல்ல வேண்டியவர் என்ற இடத்தில் ஜினியின் பெயர் இருந்தது.

"எழுத அவ, சாக விட நானா?" என்று கத்தினாள்.

"எழுத ஆளு கிட்டும். என்னைப் போக விடதுக்கு நீதான் வேணும், மக்கா."

அடுத்த மழைக்காலத்தில் பக்கவாதம் வந்து விழுந்தார். இனி மீள வழியில்லை என்று சட்டம் கேட்கும் இரண்டு மருத்துவக் குழுக்களும் உறுதி செய்தன. வென்டிலேட்டர் வேண்டாம் என்று ஜினி கையெழுத்திட்டாள். வலி தெரியாமலிருக்க மட்டும் மருந்து கொடுத்தார்கள். மகள் கையைப் பிடித்திருக்க அவர் போனார்.

அடக்கம் முடிந்ததும் ஜெஸ்னா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பேரு போடாம அப்பாக்க காரியத்த எழுதட்டா, ஜினி? நாலு பேருக்குத் தெரிஞ்சாதான் ஆஸ்பத்திரிகள்ல இது நடைமுறைக்கு வரும்."

அவள் சொன்னது நியாயம் என்று ஜினிக்குத் தெரிந்தது. அதனாலேயே ஆத்திரம் வந்தது.

"வேண்டாம். எல்லாம் ஒனக்கு உண்டு. இது எனக்க அப்பாவாக்கும்."

ஜெஸ்னா முகம் சிவந்து எழுந்து போனாள். எழுதவில்லை.

ஆனாலும் செய்தி சர்ச் வழியாகப் பரவியது. சில மாதம் கழித்து சரோஜம் என்ற விதவை, தனக்கும் ஒன்று எழுத வேண்டும் என்று ஜினியிடம் வந்தாள். ஜினி எழுதினாள். மிஷின் மாட்டக் கூடாது என்ற முக்கியமான வரியை ஜெஸ்னாவுடையதோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். ஜெஸ்னாவுடையதுதான் நன்றாக இருந்தது. சட்டப்படி தன்னுடையதும் போதும் என்று உறுதி செய்துகொண்டு, தான் எழுதியதையே வைத்தாள்.