மூலை மனைக்கு இரண்டு முகம்

என் அக்கா ரஸ்மியாவுக்குச் சொந்த வீடு என்றால் மாடி இல்லை, தோட்டம் இல்லை, பளிங்குத் தரையும் இல்லை. விருந்தாளிக்குத் தனி அறை, அதற்குத் தனி வாசல். அவ்வளவுதான். அந்த வாசலை நினைத்துத்தான் வாடகை வீடுகளில் பல்லைக் கடித்துக்கொண்டு காலம் தள்ளினாள்.

அவள் கணவர் முஃப்லிஹ் ஜோர்டானின் இர்பித் நகரத்தில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவர். தங்கமான மனிதர். அதனாலேயே வீட்டுக்கு ஆள் வந்துகொண்டே இருக்கும். வெளி ஆண்கள் கூடத்தில் உட்கார்ந்துவிட்டால் பெண்கள் அந்தப் பக்கம் வரமாட்டார்கள். அதில் ஒன்றும் குறையில்லை. ஆனால் அவர்கள் நெடுநாள் குடியிருந்த நாலாம் மாடி வீட்டைக் கட்டிய புண்ணியவான், சமையலறையைக் கூடத்துக்கு இந்தப் பக்கமும் குளியலறையை அந்தப் பக்கமும் வைத்திருந்தான். விருந்தாளி எழுந்து போகும்வரை அக்கா சமையலறைக் கைதி. எங்கள் ஊர் விருந்தாளிகளோ லேசில் எழுந்திருக்கிற ரகம் இல்லை.

மகன் உதய் வயிற்றில் இருந்தபோது ஒருநாள் மழையில் என்னையும் சேர்த்து ஒரு கூட்டமே வந்து உட்கார்ந்துவிட்டது. தாங்க முடியாமல் அக்கா ஒரு பானை மூடியைத் தரையில் போட்டாள். முஃப்லிஹுக்குப் புரிந்துவிட்டது.

"வாங்க, எல்லாரும் பால்கனிக்கு வாங்க. என் பஸ்ஸைப் பாருங்க, புதுசா பெயிண்ட் அடிச்சிருக்கு."

மழையில் நனைந்தபடி நாங்கள் கீழே நின்ற பேருந்தைப் பார்த்தோம். அக்கா எங்கள் முதுகுக்குப் பின்னால் குளியலறைக்கு ஓடிப் போய் வந்துவிட்டாள். அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. மூடி விழுந்தால் முஃப்லிஹ் எழுந்திருப்பார். நான் மட்டும் அந்தப் பேருந்தை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கேட்காதீர்கள். அதன் பின்பக்கத்து நசுங்கல் எனக்கு மனப்பாடம்.

முஃப்லிஹ் ஓய்வு பெற்றதும் நகரத்தின் கிழக்கே ஒரு மனை வாங்கினார். மூலை மனை. இரண்டு பக்கமும் தெரு. தேடித் தேடி மூலையை வாங்கியதற்குக் காரணம் அக்காவின் கணக்கு: ஒரு தெருவில் வீட்டாருக்கு வாசல், இன்னொரு தெருவில் விருந்தாளிக்கு வாசல்.

இந்த நேரத்தில்தான் ஹாயில் என்பவன் வந்து சேர்ந்தான். முஃப்லிஹின் பெரியப்பா மகன். கிராமத்தில் தன் சொந்த நிலத்து நடுவில் ஒரு வீடு கட்டியவன், அன்றிலிருந்து கான்கிரீட் விஷயத்தில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. கேட்காமலே வருவான், கேட்டால் போகவே மாட்டான். மனையில் சுண்ணாம்புப் பொடியால் அவனே கோடு போட்டான்.

"முன்னால நாலு மீட்டர் காலியா விடணும், பின்னால நாலு. பக்கத்து வீட்டுப் பக்கம் மூணு," என்றான்.

"இந்த ரெண்டாவது தெருப் பக்கம்?" என்று கேட்டேன்.

"அங்க யாரு பக்கத்து வீட்டுக்காரன்? தெருவா வந்து உன் மேல புகார் குடுக்கப் போகுது? ஒட்டியே கட்டலாம். விருந்தாளி தெருவுல இருந்து கால எடுத்து வெச்சா நேரா அறைக்குள்ள இருப்பான்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு போய், கோட்டுக்குள் பாய் விரித்து மக்லூபா சோறு சாப்பிட்டோம். அக்கா எங்களை 'விருந்தாளி அறை'யில் உட்காரவைத்து டீ கொடுத்தாள். நான் எழுந்து குறுக்கே நடந்தபோது அதட்டினாள்.

"சுவர் மேல நடக்குறியே, கண்ணு தெரியலையா? வாசல் வழியா போடா."

அவ்வளவு சந்தோஷமாக நான் அவளைப் பார்த்ததில்லை. அடுத்த சனிக்கிழமை பள்ளம் தோண்ட வண்டி வருவதாக ஏற்பாடு. வரைபடம், அனுமதியெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது ஹாயிலின் தீர்ப்பு.

ஆனால் முஃப்லிஹ் வாழ்நாளெல்லாம் சாலையைப் பார்த்தே வாழ்ந்தவர். அந்த வாரம் கீழ்த்தெருவில் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டார். புத்தம்புது வீடு, தெருவை ஒட்டிய சுவர். ஆனால் மின்சார மீட்டர் இல்லை. விட வேண்டிய இடத்தை விடாததால் நகராட்சி குடியிருக்க அனுமதி தரவில்லை. அனுமதி இல்லாமல் மீட்டர் இல்லை. எதிர்வீட்டிலிருந்து ஒரு வயரை இழுத்துப் பிழைப்பை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். துணி துவைக்கிற மெஷினைப் போட்டால் டி.வி.யை அணைக்க வேண்டும்.

முஃப்லிஹ் அக்காவிடம் மூச்சுவிடாமல், என் கோழிக்கடையில் இருந்த என்னை இழுத்துக்கொண்டு ஓர் இன்ஜினியர் அலுவலகத்துக்குப் போனார். அங்கே இன்ஜினியர், ஹனாதி என்ற இளம்பெண். மனையின் படத்தையும், முஃப்லிஹ் அதில் வரைந்து காட்டிய ஹாயிலின் கோடுகளையும் பார்த்தாள்.

"மாமா, மூலை மனைக்கு ரெண்டு முகம். எந்தப் பக்கம் தெரு இருக்கோ அதெல்லாம் முன்பக்கம்தான். ரெண்டு தெருவுக்கும் நாலு நாலு மீட்டர் விடணும்."

"அப்ப விருந்தாளி அறை?" என்றார் முஃப்லிஹ்.

"முழுக்க விடுற இடத்துலதான் நிக்குது. ஒரு சுவர்கூட மிஞ்சாது."

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "நாங்க அந்த மனையை வாங்கினதே அந்தத் தெருவுக்காகத்தாம்மா. தெருவே அறையை முழுங்கிட்டா எப்படி? யாருக்கு என்ன நஷ்டம்?"

"முனையில சுவர் மறைச்சா, திரும்புற வண்டிக்கு எதிர்ல வர்றது தெரியாது மாமா."

முஃப்லிஹ் தலையை ஆட்டினார். "அது சரிதான். அப்படிக் கட்டுனவன நானே எத்தனை தடவை திட்டியிருக்கேன்," என்றார். அதோடு எழுந்துவிட்டார்.

அக்காவிடம் சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது. சொன்னேன். அவள் அழவில்லை, கத்தவில்லை. துடைத்த தட்டையே மறுபடி துடைத்தாள்.

"அப்ப நான் சாகுற வரைக்கும் பஸ்ஸத்தான் காட்டணுமா? இப்ப பஸ்ஸும் இல்லையே," என்றாள்.

முஃப்லிஹ் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். ஹாயில் மட்டும் அன்று கையில் கிடைத்திருந்தால் கோழியோடு சேர்த்துத் தொங்கவிட்டிருப்பேன்.

மறுநாள் அக்கா தானே கிளம்பினாள். நாங்கள் இருவரும் பின்னாலேயே போனோம். ஹனாதியின் எதிரே உட்கார்ந்து, பானை மூடியிலிருந்து பேருந்துவரை ஒன்று விடாமல் சொன்னாள். அந்தப் பெண் முதலில் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுப் பென்சிலை எடுத்தாள்.

"உங்க ஆளுங்க பாதியைக் கேட்டுட்டு எழுந்து போயிட்டாங்க அத்தை. ரெண்டு முகம் இருக்கிற மனைக்கு முதுகு கிடையாது. மிச்ச ரெண்டும் வெறும் பக்கம்தான், மூணு மீட்டர் விட்டாப் போதும். நீங்க பின்னால நாலு விட்டிருக்கீங்க. வீடு ஒரு மீட்டர் உள்ள போகலாம்."

"வாசல்?"

"வாசல் தெருவுலயே இருக்கணும்னு யாரு சொன்னா? ரெண்டாவது தெருவுல காம்பவுண்டு சுவருக்கு ஒரு கேட் வைப்போம். விட்ட இடத்துல நடைபாதை போடலாம், திராட்சைக் கொடி விடலாம். அறை மட்டும்தான் கட்டக் கூடாது. விருந்தாளி நாலு மீட்டர் நடந்து வரட்டுமே, கால் தேஞ்சா போயிடும்?"

வயிற்றில் பாலை வார்த்தாள் அந்தப் பெண். ஆனாலும் ஒரு மீட்டரில் ஓர் அறை வந்துவிடாது. ஏதாவது ஒன்றை விட்டாக வேண்டும் என்றாள். முஃப்லிஹ் தன் கூடத்தைச் சுருக்கலாமா என்று இழுத்தார். அக்கா யோசிக்கவே இல்லை. படத்தில் விரலை வைத்தாள்.

"உதய் ரூம எடுத்துடும்மா. குவைத்துல இருந்து வருஷத்துக்கு ஒரு தடவை வர்றவனுக்கு எதுக்கு ரூம்? கல்யாணம் ஆனா மேல கட்டிக்கட்டும், அதுக்குத்தான கூரையில கம்பிய நீட்டி விடுறோம். அதுவரைக்கும் விருந்தாளி அறையில படுக்கட்டும். அவனும் விருந்தாளிதான்."

வெளியே வந்ததும் முஃப்லிஹ் படிக்கட்டில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் உட்கார்ந்துவிட்டேன். தோண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. வண்டிக்காரனிடம் பிறகு சொல்கிறோம் என்று சொல்லிவிட்டோம்.

சனிக்கிழமை ஹாயில் வந்து, அழிந்துபோன கோடுகளைப் பார்த்தான். விஷயத்தைச் சொன்னோம்.

"நான் அப்பவே சொன்னேனே, பின்னால அதிகமா விடுறீங்கன்னு," என்றான்.

நான் கோழிக்கடையைத் திறக்கக் கிளம்பினேன்.

வீடு எழும்பியது. மேல்தளம் கான்கிரீட் போட்ட அன்று ஆடு அறுத்து வேலையாட்களோடு சாப்பிட்டோம். குடியிருக்க அனுமதி ஒரு தகராறும் இல்லாமல் வந்தது. மீட்டர் மாட்டிய அன்று அக்கா துணி துவைக்கிற மெஷினையும் டி.வி.யையும் ஒன்றாகப் போட்டுவிட்டு எனக்கு ஃபோன் செய்தாள்.

பிறகு வாழ்த்துச் சொல்ல ஆட்கள் வந்தார்கள். இரண்டாவது தெருவின் கேட்டைத் திறந்து, நடைபாதையில் நடந்து, தனி வாசல் வழியாக விருந்தாளி அறையில் நிறைந்தார்கள். வழக்கம்போல எழுந்திருக்கிற எண்ணம் யாருக்கும் இல்லை. இரண்டாவது சுற்று டீ ஓடிக்கொண்டிருந்தபோது சமையலறையில் பானை மூடி ஒன்று கைதவறித் தரையில் விழுந்தது.

முஃப்லிஹ் சட்டென்று எழுந்து நின்றார்.

"வாங்க, எல்லாரும் வாங்க, என் பஸ்ஸை..."

"எந்த பஸ்? உனக்கேது பஸ்?" என்றான் ஹாயில்.

முஃப்லிஹ் அப்படியே நின்றார். சுவருக்கு அந்தப் பக்கம், வீட்டுக்குள்ளே, அவசரமில்லாத காலடிச் சத்தம் கேட்டது. குளியலறைக் கதவு திறந்து மூடியது. குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. அவர் மெதுவாக உட்கார்ந்தார்.

"ஒண்ணுமில்ல. டீ குடிங்க," என்றார்.

எல்லோரும் போன பிறகு நான் உள்ளே போய் அக்காவைக் கேட்டேன், உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று.

"அதெல்லாம் ஒண்ணுமில்லடா," என்றாள். "தேவையே இல்ல. சும்மா போனேன். ரெண்டு தடவை போனேன்."