அக்கா ஒளித்து வைத்த கிளாசுகள்

ஞாயிறு மத்தியானம். எல்கடுவ மலையில் மழை பிடித்துக்கொண்டது. தோட்டத்து லயத்தின் தகரக் கூரையில் அது கொட்டிய கொட்டில், டிவியில் யார் அழுகிறார்கள் என்றே கேட்கவில்லை. அழுதது கதாநாயகனின் தங்கை. புருஷனை இழந்தவள், மறுபடி கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறாள். பழைய படம், அடுத்து அண்ணன்காரன் செம்பை வீசுவான். வீசினான். செம்பு உருண்டது, உருண்டது, இடைவேளை வரைக்கும் நிற்காது போல உருண்டது.

அக்கா எனக்கு பாலில்லாத பிளேன்டி கொண்டு வந்தாள், பிளாஸ்டிக் கோப்பையில். என் கிளாஸ் எங்கே? அலுமாரியைப் பார்த்தேன். கிளாசுகள் இல்லை, பூப்போட்ட பீரிசுத் தட்டுகள் இல்லை, சாமி படத்துக்கு முன்னால் இருந்த குத்துவிளக்குகூட இல்லை.

"என்னக்கா, வீட்டுக்குக் கள்ளன் வந்தானா?"

அடுப்படியில் என் மனைவி சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டாள். அக்கா படத்தை ரிமோட்டில் நிறுத்தினாள். ஓங்கிய கையோடு அண்ணன்காரன் அப்படியே நின்றான்.

"தம்பி, கோவப்படாம கேளு. தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓட்டுறாரே, பொஞ்சாதி செத்துப்போனவரு... என்னையக் கட்டிக்கிறேங்கிறாரு. எனக்கும் புடிச்சிருக்கு. பின்னேரம் ஒன்னப் பாக்க வர்றாரு. நீ வேணாம்னா இப்பயே போன் போட்டு நிப்பாட்டிடுறேன்."

"அதுக்கா கிளாஸ ஒளிச்சு வச்ச?"

"இந்தப் படமெல்லாம் பாத்து வளந்தவந்தானே நீ!"

போன மாதம் மாத்தளை டவுனில் ஒரு புதுப்படம் பார்த்தோம். அதில் மகனே அம்மாவுக்கு மாப்பிள்ளை தேடினான். தியேட்டரே கைதட்டியது, நானும் தட்டினேன். அக்கா பக்கத்து சீட்டில்தான் இருந்தாள். அத்தான் போனதிலிருந்து எந்தக் கல்யாண வீட்டிலும் பின்வரிசையைத் தாண்டாதவள். கைதட்டியவனை அவள் நம்பவில்லை. செம்பு வீசியவனைத்தான் நம்பியிருக்கிறாள்.

சம்மதிக்கிற தம்பிக்கு என்ன வசனம்? பார்த்த பழைய படங்களையெல்லாம் மனசுக்குள் ஓட்டினேன். ஒருத்தரும் எழுதி வைத்திருக்கவில்லை.

"வர்ற மனுசனுக்கும் பிளாஸ்டிக்லயா குடுக்கப் போற? கிளாஸ எடுக்கா."

அழுகையும் சிரிப்புமாக அக்கா கட்டிலுக்கடியில் நுழைந்தாள்.

மழை விட்ட நேரம் அவர் லொறி மரக்கறியில் ஒரு கோவா மூட்டையோடு வந்தார். வாசலிலேயே நனைந்த செருப்பைக் கழற்றி, கதிரை நுனியில் உட்கார்ந்து, பிளேன்டியை வாங்கினார். நான் ஒன்றும் சுற்றி வளைக்கவில்லை.

"தையில நல்ல நாள் பாப்பமா?"

அவர் சட்டென்று இரண்டு கையையும் தூக்கிக் கும்பிடப் போனார். கிளாஸ் நழுவி சீமெந்துத் தரையில் சிதறியது.

மனைவி விளக்குமாற்றோடு ஓடி வந்தாள். "ஒளிச்சது சரிதான் மதினி," என்றாள், "ஆளத்தான் மாத்தி நெனச்சிட்டீங்க."