பெட்டியில் இடம் போதவில்லை

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு வந்த முதல் கம்ப்யூட்டர் கண் தெரியாத ஒருவருடையது. அவர் என் அண்ணன். கண் தெரியாதவர்களின் பள்ளிக்கூடத்தில் படித்து முடித்து வந்தபோது, அங்கே கழித்துப்போட்ட ஒன்றை மாஸ்டர் கொடுத்தனுப்பினார். எங்கள் ஊர் எல்கடுவைக்கு பஸ்ஸில் கொண்டுவரும் வழியில் செக் பொயின்டில் இறக்கச் சொல்லி, மூடியைக் கழற்றிப் பார்த்தார்கள். சண்டைக் காலம். உள்ளே இருந்தது தூசிதான். அதையும் கிளறிப் பார்த்துத்தான் விட்டார்கள்.

அதில் படம் கிடையாது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. லினக்ஸ் என்பார் அண்ணன். திரையில் வரும் எழுத்தையெல்லாம் அது இங்கிலீசில் மூக்கால் வாசிக்கும். அண்ணன் கேட்டுக் கேட்டு அடிப்பார். அடுத்து எழுதவிருந்த பரீட்சைக்கான புத்தகங்களையும் அதுதான் வாசித்துக் காட்டும்.

"அந்த மூக்கடைச்சவன கொஞ்சம் நிப்பாட்டுடா, தல வலிக்குது" என்று அடுப்படியிலிருந்து அம்மா கத்துவார்.

சித்தி குவைத்திலிருந்து வந்து நாலு மாதம். கையில் சூடு வைத்த தழும்பு இருந்தது. மறுபடி அனுப்ப ஏஜென்ட் வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் மாத்தளையில் ஓர் அச்சகத்தில் கலியாண அழைப்புக் காட் செய்ய ஆள் தேடினார்கள். கம்ப்யூட்டரில் தானே செய்த காட் ஒன்றைத் திங்கட்கிழமை கொண்டுவந்து காட்டினால் வேலை என்றார் முதலாளி. இல்லாவிட்டால் குவைத்துதான். அங்கே வேலை செய்த பையன் படம் வரைகிற விதத்தை ஒரு தடவை காட்டி, அதற்கு வேண்டிய இரண்டு லினக்ஸ் சீடீயும் கொடுத்துவிட்டான்.

சனிக்கிழமை காலை சித்தி சீடீயோடு வந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு இங்கிலீஸ் எழுத்துத் தெரியும். சொல் தெரியாது.

"நீயே போட்டுக் குடுத்துருடா."

"நீங்கதான் அடிக்கணும் சித்தி. அச்சகத்துக்கு நானா வரப்போறேன்?"

முதலில் பாஸ்வேட் கேட்டது. அண்ணன் அதைச் சொல்ல, சித்தி அடித்தார். திரையில் ஒன்றும் விழவில்லை. அழித்துவிட்டு மறுபடி அடித்தார். எழுத்துக் கட்டையை இன்னொரு தடவை பலமாகக் குத்தினார்.

"எழுத்தே வரலயேடா. கட்ட செத்துப் போச்சா?"

"வராது சித்தி. நம்பி அடிங்க. நான் எப்பவும் அப்படித்தானே அடிக்கிறேன்."

சித்தி சிரித்துவிட்டார். குவைத்திலிருந்து வந்தபின் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அண்ணன் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்வார். சித்தி தேடி அடிப்பார். பிழை விட்டால் பெட்டி மூக்கால் ஏதோ சொல்லும். "பரவால்ல, திரும்ப" என்பார் அண்ணன். ஒரு தடவைகூடக் குரல் உயரவில்லை. மத்தியானம் ஆகும்போது பெட்டி நீளமாக ஏதோ வாசித்தது. அண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"என்னடா சொல்லுது?"

"இடம் போதாதாம்."

"அப்ப முடியாதா?"

சித்தியின் கை மடிக்கு வந்துவிட்டது. அண்ணன் கட்டையைத் தன் பக்கம் இழுத்து என்னவோ அடித்தார். கேட்டார். மறுபடி அடித்தார். விரலைக் கட்டையிலிருந்து எடுத்தார். பிறகு கட்டையைச் சித்தியிடம் தள்ளினார்.

"ஒரு வரி சொல்றேன். அப்படியே அடிங்க. அது ஏதாச்சும் கேட்டா 'வை'ங்கிற எழுத்த அடிங்க."

சித்தி அடித்தார். பெட்டி பாதிச் சொல்லில் நின்றது. அதன்பிறகு சத்தமே இல்லை.

"அய்யோ, ஒடச்சிட்டேனா?"

"இல்ல, சரியாத்தான் செஞ்சீங்க. இனி அது பேசாது. என்ன எழுதியிருக்குன்னு நீங்க வாசிச்சுச் சொல்லுங்க."

சித்தி எழுத்தெழுத்தாக வாசித்தார். அண்ணன் அவற்றைக் கூட்டிச் சொல்லாக்கி, அடுத்தது என்னவென்று சொன்னார். ஒரு சீடீ முடிந்து மற்றச் சீடீயும் முடிந்தது. கடைசியில் ஆறே எழுத்து அடிக்கச் சொன்னார். திரை இருண்டது. சாக்குத் துணி மாதிரிச் சாம்பல் நிறம் வந்தது. நடுவில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. பிறகு நீலம் விரிந்தது.

"வந்துருச்சுடா ராசா!"

"எலியை அசைச்சா அம்பு அசையுதா?"

"அசையுது, அசையுது."

"அப்ப சரி" என்று எழுந்து சுவரைத் தடவிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

லயத்துப் பிள்ளைகளெல்லாம் ஓடிவந்து கதவை அடைத்துக்கொண்டு நின்றோம். மறுநாள் இருட்டும்வரை இருந்து சித்தி ஒரு காட் செய்தார். ஓரமெல்லாம் வெற்றிலைக் கொடி. திங்கட்கிழமை பிளொப்பியில் கொண்டுபோனதை அச்சடித்து, முதலாளி திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். சித்தி குவைத்துக்குப் போகவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஆட்களைப் பற்றி அதிகம் சொல்லத் தெரியாது. அண்ணனைப்போல் ஓர் ஆளை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. அவ்வளவுதான்.

அப்போது எனக்குப் பத்து வயது. மூக்குச் சத்தம் நின்றதில் அம்மாவைப்போல் எனக்கும் சந்தோசம். பெட்டி படம் பழகிவிட்டது, அதனால் பேச்சை விட்டுவிட்டது என்று நினைத்தேன். இடம் போதாதபோது அண்ணன் எதை எதை எடுத்து வெளியே போட்டார் என்று யோசிக்கவில்லை.

அடுத்த கிழமை அவர் என்னைக் கூப்பிட்டு, "ஒன் புத்தகம் ஏதாச்சும் கொண்டாந்து வாசிடா" என்றார். நாலு வரி வாசித்தேன். "இன்னும் கொஞ்சம்" என்றார். எனக்குப் படிப்பு வருகிறதா என்று சோதிக்கிறார் போலும் என எண்ணி, அம்மாவிடம் போய் முறைப்பாடு சொல்லிவிட்டு விளையாட ஓடிவிட்டேன்.