குளத்துக்குள் நின்ற புள்ளி: செஞ்சியில் பசுமை தேடிய ஒரு நாள்

எனக்கு எழுதப் படிக்க வராது. நான் சொல்லச் சொல்ல மருமகள் கலா தட்டச்சு செய்கிறாள். அவள் திண்டிவனத்தில் புவியியல் ஆசிரியை. ஊருக்குள் மரமும் புல்லும் எங்கெங்கே இருக்கின்றன என்று பிள்ளைகளே போனில் வரைபடம் போட்டுக் கற்க வேண்டும் என்பது அவள் திட்டம். துணைக்கு வரவேண்டிய ஆசிரியருக்குக் காய்ச்சல் என்பதால், போன பங்குனியில் ஒரு சனிக்கிழமை, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இருபது பேரோடு நானும் செஞ்சிக்குப் போனேன். இப்படிக் கூட்டிப்போக நினைக்கும் ஆசிரியர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

திண்டிவனத்திலிருந்து இருபத்தெட்டு கிலோமீட்டர். ஏழரைக்கு ஏறி எட்டரைக்கு இறங்கினோம். பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. மேல்மலையனூர் அங்காளம்மனுக்குப் போகிற கூட்டம். அன்று அமாவாசை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கலா பள்ளி நாட்காட்டியைப் பார்த்துத் தேதி குறித்திருந்தாள். அதில் பரீட்சை இருக்கும், அமாவாசை இருக்காது.

வேலை இதுதான். வானத்திலிருந்து எடுத்த படத்தில் பச்சையாகத் தெரியும் இடத்துக்கு நேரில் போய், அது என்னவென்று பார்த்துக் குறிக்க வேண்டும். இரண்டு பேருக்கு ஒரு போன். யார் எங்கே நிற்கிறார்கள் என்பது கலாவின் போனில் புள்ளியாகத் தெரியும். பூங்கா என்று நினைத்து முதலில் தேடிப்போன பச்சை, நெல் மூட்டைகள் மேல் போர்த்திய தார்ப்பாய். மூட்டை தூக்குபவர் ஒருவர், “தண்ணி ஊத்திப் பாருங்க டீச்சர், வளந்தாலும் வளரும்” என்றார். கலாவும் சேர்ந்து சிரித்தாள்.

பிறகு பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து போனார்கள். பன்னிரண்டரைக்கு எல்லாரும் பஸ் நிலையம் திரும்ப வேண்டும். பதினெட்டுப் பேர் வந்தார்கள். மதுமிதாவும் ஷர்மிளாவும் வரவில்லை. அழைத்தால் போன் அணைந்திருந்தது. கலா தன் போனைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். நானும் எட்டிப் பார்த்தேன். அவர்களுடைய புள்ளி நீலத்துக்கு நடுவில் அசையாமல் இருந்தது. எழுத்துதான் எனக்குத் தெரியாது. நீலம் என்றால் தண்ணீர் என்று தெரியும்.

பதினெட்டுப் பிள்ளைகளை விட்டு அவள் நகர முடியாது. அந்தப் படத்தை என் போனுக்கு அனுப்பினாள். திருவண்ணாமலை சாலையில் இரண்டு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் எண்பது ரூபாய் கேட்டார், பேரம் பேசத் தோன்றவில்லை. படத்தைக் காட்டினேன்.

“இந்தக் கொளமா? இதுல எங்க தண்ணி இருக்குது? டென்ஷன் ஆவாதீங்க பெரியவரே,” என்றார்.

கண்ணால் பார்க்கும் வரை நான் நம்பவில்லை.

குளம் காய்ந்து கிடந்தது. உள்ளே முழுக்கக் கருவேல மரங்கள், நல்ல நிழல். மேல்மலையனூருக்குச் சாயங்கால பஸ் பிடிக்கப்போகும் குடும்பங்கள் கல் கூட்டி அடுப்பு மூட்டியிருந்தன. இரண்டு பெண்களும் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். திட்ட வாயெடுத்தேன்.

“நான்தான் வுடல. சோறு வேவுற நேரத்துல பசியோட எழுந்து போனா நல்லாவா இருக்குது?” என்றார் சோறு போட்ட அம்மா.

மதுமிதா நிமிர்ந்தாள். “இங்க வந்ததுமே சார்ஜ் போச்சு தாத்தா.”

செத்த போன் கடைசியாக இருந்த இடத்தைத்தான் புள்ளி காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. என் போனில் கலாவின் முகம் உள்ள படத்தை அழுத்திக் கூப்பிட்டு, “ரெண்டும் சாப்டுட்டு இருக்குதும்மா,” என்றேன். “அவங்கள ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க மாமா,” என்றாள்.

நீங்கள் போவதானால் அமாவாசை பார்த்துத் தேதி வையுங்கள். சேர்ந்து போகும் இருவருக்கும் ஆளுக்கொரு போன், முழு சார்ஜோடு இருக்கட்டும். குளங்களை முதல் நாளே ஒரு நடை போய்ப் பார்த்துவிடுங்கள். வரைபடத்து நீலம் மழைக்காலத்தில் போட்டதாக இருக்கலாம். அன்று செஞ்சியில் அத்தனை பேருக்கு நிழல் தந்த இடம் வேறெதையும் பிள்ளைகள் குறிக்கவில்லை. அந்தக் குளத்துக்கு மதுமிதாவே பச்சை போட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. திண்டிவனம் வருவதற்குள் கலா மூன்று முறை பெயர் கூப்பிட்டு வருகை பார்த்தாள். பிள்ளைகளும் சலிக்காமல் மூன்று முறையும் “உள்ளேன் டீச்சர்” என்றார்கள்.