ரைலியின் ஆட்டுத்தண்ணி

ஏழு வருடம் ஊர் ஊராக அலைந்துவிட்டு கரீபியன் கடலில் எரிமலை உள்ள எங்கள் மொன்செராட் தீவுக்குத் திரும்பினேன். நான் இல்லாத நேரத்தில் எங்கள் பக்கத்து வீட்டு ஒபதியா ரைலிக்கு ஒரு வெள்ளைக்கார முப்பாட்டன் பிறந்திருந்தார்.

ஒபதியா ஆட்டுத்தண்ணி காய்ச்சுகிறவர். அது ஆட்டுக்கறிக் குழம்பு; கறியும் கிராம்பும் காரமும் விறகடுப்பில் மணிக்கணக்காகக் கொதிக்க வேண்டும். கல்யாணமோ கருமாதியோ, அது இல்லாமல் இந்தத் தீவில் எதுவும் நடக்காது. மார்ச் மாதம் அயர்லாந்துப் புனிதர் பேட்ரிக்கின் திருநாளுக்குப் பத்தொன்பது வருடமாக அவருடைய கொப்பரைதான். காய்ச்சப்போவது யார் என்பதை முந்தின சனிக்கிழமை மாதர் சங்கம் ருசி பார்த்துச் சொல்லும். அந்தக் கொப்பரை போனால் ஒபதியாவிடம் மிஞ்சுவது இரண்டு கழுதையும் ஒரு முதுகுவலியும்தான்.

அயர்லாந்துப் பயணிகள் வரத் தொடங்கியதும் அவர் பேச்சு மாறியிருந்தது. "எங்க முப்பாட்டன் ரைலி அயர்லாந்துக்காரரு. இது அவரு கைப்பக்குவம்."

இந்த வருடம் ருசி பார்க்க ஓர் அயர்லாந்துக் கூட்டமும் வருகிறது என்று கேள்விப்பட்டதும் முப்பாட்டனுக்கு மரியாதை செய்தார். கிராம்பைக் குறைத்தார். மிளகாயைத் தள்ளினார். உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டார்.

சங்கத் தலைவி எர்னஸ்டைன் அவருக்கு அத்தை மகள்; பக்கத்து அடுப்பில் அவளும் போட்டிக்குக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். ஒபதியாவின் கொப்பரைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன ஒபதியா, ஆட்டுக்குக் காய்ச்சலா? பத்தியச் சாப்பாடு மாதிரி இருக்கு."

"இதுதான் அசல். ரைலி குடும்பத்து முறை."

"அந்த ரைலி தோட்டத்து முதலாளி. உன் பாட்டனுக்குப் பாட்டனை விலைக்கு வாங்கித் தன் பேரை வச்சவன். ஆட்டுக் காதுலயும்தான் அவன் பேரைக் குறி போட்டான். அப்போ ஆடு உனக்குப் பெரியப்பாவா?"

ஒபதியா கரண்டியால் கிண்டிக்கொண்டே இருந்தார்.

"அவன் சமையக்கட்டுப் பக்கம் போயிருப்பானா? போட்டதைத் தின்னுருப்பான். காய்ச்சினவ பேரை எவன் எழுதி வச்சான்?"

அயர்லாந்திலிருந்து வந்த நூலா என்ற அம்மாள் கிண்ணத்தை ஒழுங்காகக் காலி செய்தாள். ஒபதியா அவளிடம் குனிந்தார்.

"உங்க ஊரு ருசி வருதாம்மா?"

"அப்படியே வருதுங்க ஐயா. இதுக்குப் பயந்துதான் வருஷத்துல ரெண்டு மாசம் வெளியூர் கிளம்பிடுறேன்."

சங்கத்துப் பெண்கள் ஆளுக்கு ஒரு வாய் வைத்துவிட்டுக் கிண்ணங்களைப் பெஞ்சுக்கடியில் நகர்த்தினார்கள். கொப்பரை எர்னஸ்டைனுக்கே போனது. தலைவியே ஜெயிக்கலாமா என்று கேட்கும் தைரியம் எங்கள் எரிமலைக்குக்கூடக் கிடையாது.

திருநாளன்று ஒபதியாவுக்கு விறகு பிளக்கும் வேலை. மதியம் கோடரியை வைத்துவிட்டு வந்து கிண்ணத்தை நீட்டினார். எர்னஸ்டைன் எலும்பும் கறியுமாக அள்ளி ஊற்றினாள்.

"எப்படி இருக்கு?"

"கிராம்பு கொஞ்சம் தூக்கல்."

மூன்றாவது கிண்ணத்துக்கு நீட்டியபோது அதையும் சொல்லவில்லை.