இடது காலில் ஒன்று, வலது காலில் இன்னொன்று

1. எட்டாம் நம்பர்

கொட்டாஞ்சேனையில் இருந்த சப்பாத்துத் தொழிற்சாலைக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனபோது உயர்தரச் சான்றிதழ், ஆங்கில டிப்ளோமா, பாடசாலை அதிபரின் நற்சான்று எல்லாவற்றையும் ஒரு பைலில் அடுக்கிக் கொண்டு போனேன். முதலாளி அந்தப் பைலைத் திறக்கவேயில்லை. மேசைக்கு மேலால் எட்டி என் காலைப் பார்த்தார்.

"தம்பி, உமக்கு எத்தனையாம் நம்பர்?"

"எட்டு, சேர்."

"கழட்டும் பாப்பம்."

கழற்றினேன். நாடாவால் நீளத்தையும் அகலத்தையும் அளந்தார். பெருவிரலின் அடியை அமுக்கிப் பார்த்தார். பிறகு அடுத்த அறைப் பக்கம் திரும்பி, "கால் கிடைச்சிட்டுது" என்று சொன்னார்.

சப்பாத்துத் தொழிலில் சாம்பிள் எல்லாம் ஒரே அளவில்தான் செய்வார்கள். ஆண்களுக்கு எங்கள் தொழிற்சாலையில் அது எட்டு. அந்தச் சாம்பிளைப் போட்டு நடந்து, எங்கே கடிக்கிறது, எங்கே வழுக்குகிறது என்று ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுத ஓர் ஆள் வேண்டியிருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். ஆனால் அன்று என்னை எடுத்தது படிப்புக்காக என்று சொல்ல முடியாது. எழுதத் தெரிந்த எட்டாம் நம்பர் கால் என்பதற்காக எடுத்தார்கள். சோதனைப் பகுதிக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கைகள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. இங்கே தலைக்கனம் வந்தால் கீழே பார்த்துக்கொள்ளுங்கள்.

2. மலை இல்லாத ஊரில் மலைச் சப்பாத்து

அதுவரை தொழிற்சாலை செய்தது பாடசாலைச் சப்பாத்து மட்டும்தான். வருடத் தொடக்கத்தில் விற்கும், பிறகு மெஷின்கள் தூங்கும். சண்டைக் காலத்தில் வடக்குக்குச் சரக்குப் போவதும் நின்றுவிட்டது. அந்த நிலையில் ஐரோப்பாவில் மலையேறுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் ஒரு கம்பெனி, மிட்வெயிட் வாட்டர்ப்ரூப் பூட்ஸ் செய்து தர முடியுமா என்று கேட்டிருந்தது. மிட்வெயிட் என்றால் ஊர் சுற்றும் லேசான சப்பாத்தும் இல்லை, பனிமலைக்குப் போடும் இரும்பு மாதிரியானதும் இல்லை. முதுகில் பல நாள் சாமானோடு கல்லிலும் சேற்றிலும் நடக்கிறவனுக்கு உரியது. நாங்களே ஒரு சாம்பிளைத் தெரிவு செய்து, நடந்து பார்த்த ரிப்போர்ட்டோடு அனுப்ப வேண்டும். பிடித்தால் ஓடர் தருவார்கள். பிடிக்காவிட்டால் திரும்பவும் பாடசாலைச் சப்பாத்துத்தான். என் வேலையும் அந்தச் சாம்பிள் முடியும்வரைக்கும்தான் என்று முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார்.

செய்து வைத்திருந்தது இரண்டு மொடல். 'ஏ' முழுத் தோல், தையல் குறைவு, கொஞ்சம் பாரம். 'பி' மெல்லிய ஸ்வேட் தோலும் வலைத்துணியும் கலந்தது, லேசானது, பார்க்க மிக அழகு. இரண்டுக்கும் உள்ளே தண்ணீர் புகாத மெம்பிரேன் வைத்துத் தைத்திருந்தார்கள். முதலாளிக்குப் 'பி' மேல்தான் காதல். உள்ளங்கையில் வைத்துத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார். "வெளிநாட்டுச் சாமான் மாதிரியே இருக்குது, என்ன?" என்று யார் அறைக்குள் வந்தாலும் கேட்பார். தபால்காரரிடமும் கேட்டார்.

கொழும்பில் மலை இல்லை. ஆனால் குழாய் போடத் தோண்டி மூடாமல் விட்ட வீதிக்குக் குறைவில்லை. அதில் நடந்தேன். இறக்கத்தில் விரல் முன்னால் இடிக்கிறதா என்று பார்க்க மாடி வீட்டுத் தொடர்களின் படிக்கட்டில் இறங்கினேன். குதிகால் உள்ளே தூக்குகிறதா என்று ஏறினேன். பிற்பகலில் கால் சற்று வீங்கியிருக்கும்போது, தடித்த சொக்ஸோடு போட்டால்தான் சரியான அளவு தெரியும் என்று படித்துக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் மேலாக, பாரம் தூக்காமல் போட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பாரம் ஏறியதும் பாதம் அகலும், சப்பாத்து வேறு சப்பாத்தாகிவிடும்.

அதற்காக ஒரு முதுகுப்பை தந்தார்கள். முதலில் மணல் நிரப்பப் பார்த்தேன். அம்மா வேண்டாம் என்று தடுத்தார். வீதிக்கு வீதி காவலரண் இருக்கும்போது, தமிழ்ப் பொடியன் மணல் மூட்டையோடு அலைந்தால் காவலரண் கட்டப் போகிறாயா என்று கேட்பார்களாம். வீட்டுச் சிவப்பரிசியை அளந்து பையில் கட்டித் தந்தார்.

என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வெறுங்காலோடு தூக்குவார், மழை என்றால் இறப்பர்ச் செருப்பு. நான் அரிசியை முதுகில் மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கியதைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"மூட்டைய எங்கடா இறக்கணும்?"

"எங்கயும் இல்லப்பா. சுத்திட்டு திரும்ப வீட்டுக்கே கொண்டு வரணும்."

"அதுக்குச் சம்பளம் குடுக்குறாங்களா?"

"குடுக்குறாங்க."

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். படிக்க வைத்தது வீண் போகவில்லை, தான் கூலிக்குச் சுமந்ததை மகன் சம்பளத்துக்குச் சுமக்கிறான் என்று அன்று முழுவதும் ஒழுங்கையில் போகிறவர் வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

3. களிசான் வழக்கு

அந்த வாரம் நல்ல மழை. 'பி' சப்பாத்தோடு நடந்து வந்தேன், சொக்ஸ் நனைந்திருந்தது. 'பி' ஒழுகுகிறது என்று ரிப்போர்ட் எழுதினேன். முதலாளி வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"மழைக்குள்ளை களிசானை மடிச்சு விட்டனீரோ?"

மடித்துத்தான் விட்டிருந்தேன். கொழும்பில் மழை என்றால் முகத்துவாரத்திலிருந்து வெள்ளவத்தை வரை ஆண்பிள்ளைகள் எல்லோருடைய களிசானும் தானாகவே முழங்காலுக்கு ஏறிவிடும். சப்பாத்துக் காலிலும் அதே பழக்கம்தான்.

"ஓம் சேர்."

"அப்ப மேலாலை கெண்டைக்காலில் வழிஞ்ச தண்ணி. சப்பாத்தில் ஒரு பிழையும் இல்லை."

அதை நிரூபிக்க அவர் 'பி'க்குள் பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கித் திணித்து, தண்ணீர்ப் பேசினுக்குள் கணுக்கால் மட்டத்துக்கு நிறுத்தி வைத்தார். மறுநாள் எடுத்த தாள் வறண்டு சரசரத்தது. அதை எல்லோருக்கும் வாசித்தும் காட்டினார். 'பி'யைப் பார்சல் பண்ணச் சொல்லியாயிற்று.

எனக்கு மனம் ஒப்பவில்லை. பேசினுக்குள் நிற்கிற சப்பாத்து நடப்பதில்லை. கால் மடிகிற இடத்தில், விரல்களுக்குப் பின்னால், 'பி'யில் ஒரு தையல் குறுக்கே ஓடியது. அந்த இடம் மடிந்து நிமிரும்போதுதான் தண்ணீர் குடிக்கிறது என்று எனக்குப் பட்டது. ஆனால் 'பி'யைத் தனியாகப் போட்டுக்கொண்டு எத்தனை தரம் நடந்தாலும் களிசான், மழை, வியர்வை என்று ஏதாவது ஒரு சாட்டு வரும். அப்போது ஒரு யோசனை வந்தது. வலது காலில் 'ஏ', இடது காலில் 'பி'. ஒரே ஆள், ஒரே மழை, ஒரே களிசான். மேலால் வழிந்தால் இரண்டு காலும் நனையும். பார்சல் போவதற்கு முன்னால் ஒரு பிற்பகல் தரும்படி கேட்டேன். முதலாளி, "சரி, நடவும்" என்றார். அவருக்குச் சந்தேகம் என் மேல்தான், சப்பாத்தின் மேல் இல்லை.

4. எங்கேயும் போகாத ஆள்

எங்கள் ஒழுங்கையில் கணுக்கால் அளவுக்கு வெள்ளம் நின்றது. சோதனைக்கு இதைவிட நல்ல ஆறு கிடைக்காது. இந்தமுறை களிசானைச் சப்பாத்துக்கு வெளியே இறக்கிவிட்டு, அடியில் கயிற்றால் கட்டினேன். அரிசியை முதுகில் ஏற்றினேன். ஒழுங்கையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு, அங்கிருந்து இங்கே, மழைக்குள் நடந்தேன். சனம் யன்னலில் நின்று பார்த்தது.

ஒரு சார்ஜன்ட்டும் கான்ஸ்டபிளும் குடையோடு வந்தார்கள்.

"கொஹெத யன்னே?" எங்கே போகிறாய் என்று சார்ஜன்ட் கேட்டார்.

எங்கேயும் இல்லை என்று சிங்களத்தில் சொன்னேன். எங்கிருந்து வருகிறாய் என்றார். அந்த முனையிலிருந்து. பையில் என்ன? அரிசி. எந்தக் கடையில் வாங்கியது? கடையில் இல்லை, வீட்டு அரிசி. எங்கே கொண்டுபோகிறாய்? வீட்டுக்கு. நான் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. ஒவ்வொன்றுக்கும் அவர் முகம் இருண்டது. அந்த நேரம் கான்ஸ்டபிள் குனிந்து என் காலைப் பார்த்துவிட்டு, குடையின் முனையால் காட்டினார். இரண்டு காலில் இரண்டு வேறு சப்பாத்து, அடியில் கயிறு.

பொலிஸுக்குக் கூட்டிப் போனார்கள். சிரித்துக்கொண்டு எழுதுகிறேன், அன்று சிரிக்கவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் வயதுப் பொடியன் ஒருவன் அந்த வாசலுக்குள் போனால் எப்போது வெளியே வருவான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அடையாள அட்டையும், வீட்டில் இருப்பவர்களைப் பொலிஸில் பதிந்த துண்டுமாக அப்பா வந்து வாசலில் நின்றார். உள்ளே விடவில்லை. கான்ஸ்டபிள் அரிசிக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். அரிசிதான் வந்தது.

நான் சொன்ன இலக்கத்துக்கு அவர்கள் தொலைபேசி எடுக்க, வெள்ளவத்தை வீட்டிலிருந்து முதலாளி ஆட்டோவில் வந்து சேர்ந்தார். களிசான் முழங்காலுக்கு மடித்தபடியே இருந்தது. நான் அவருடைய ஆள்தான், வேலைக்காகத்தான் நடந்தேன் என்று சிங்களத்தில் விளக்கினார். சார்ஜன்ட்டுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. சப்பாத்தைக் கழற்று என்றார்.

வலதைக் கழற்றினேன். சொக்ஸ் காய்ந்திருந்தது. இடதைக் கழற்றினேன். சொக்ஸை உருவியதும் பொலிஸ் நிலையத்தின் சீமெந்துத் தரையில் தண்ணீர் சொட்டியது.

முதலாளி குனிந்து தரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு இடது சப்பாத்தைக் கையில் எடுத்து விரல் பக்கத்தை மடித்தார். தையலில் இருந்து சின்னச் சின்னக் குமிழாகத் தண்ணீர் வந்தது. நிமிர்த்தினார், நின்றது. மடித்தார், வந்தது.

"மடிப்பிலைதான் போகுது," என்றார். "சீ, தையலை அந்த இடத்தில் ஆர் போடச் சொன்னது?"

"நீங்கதான் சேர். பார்க்க வடிவா இருக்கும் எண்டு."

"அது சரி. பேசினுக்குள்ளை ஏன் காட்டேல்லை?"

"பேசினுக்குள்ள அது நடக்கேல்ல சேர்."

இப்படியே இரண்டு பேரும் மெம்பிரேன், பசை, தையல் என்று வாதாடத் தொடங்கிவிட்டோம். எங்கே நிற்கிறோம் என்பது மறந்துபோயிற்று. சார்ஜன்ட் எங்களை மாறி மாறிப் பார்த்தார். விளங்காத மொழியில் ஒரு சப்பாத்துக்காக இப்படிச் சண்டை பிடிக்கிறவர்களால் வேறு ஆபத்து வராது என்று நினைத்திருப்பார் போல. அவரே இரண்டு சப்பாத்துக்குள்ளும் கையை விட்டுத் தடவினார். தன் ஊறிப்போன பூட்ஸையும் ஒருதரம் பார்த்துக்கொண்டார். வலதைத் தூக்கி முதலாளியிடம் நீட்டினார்.

"மேக்க ஹொந்தய்." இதுதான் நல்லது.

முதலாளி பெருமூச்சு விட்டார். "தம்பி, சார்ஜன்ட்டே சொல்லிப்போட்டார். பிறகென்ன, 'ஏ'யை அனுப்புவம்."

5. பிறகு

'ஏ' போனது. ஓடரும் வந்தது. என் வேலையும் நிரந்தரமானது. 'பி'யின் இடது சப்பாத்தைச் சோதனை அறையில் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் கேட்டால் மடித்துக் காட்டுவேன்.

நான் படித்தது இதுதான். சாமானை அது வேலை செய்யும் விதத்திலேயே வைத்துச் சோதியுங்கள். நிற்கிற சப்பாத்து பொய் சொல்லும், நடக்கிற சப்பாத்து சொல்லாது. இரண்டை ஒப்பிட வேண்டுமென்றால் ஒரே ஆளின் இரண்டு காலிலும் போடுங்கள். வெளியே போகும்போது அலுவலகக் கடிதத்தை மறக்காதீர்கள். 'இவருடைய இரண்டு சப்பாத்தும் வேறு வேறாக இருப்பது எமது வேண்டுகோளின்படியே' என்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அச்சடித்து வைத்திருக்கிறோம். சோதனைச் சாவடியில் அதை வாசிக்கிறவர்கள் தவறாமல் குனிந்து பார்ப்பார்கள். பெரும்பாலும் சிரித்துவிட்டு விடுவார்கள்.

அன்று பொலிஸ் வாசலில் அப்பா என் முதுகிலிருந்து மூட்டையைக் கழற்றித் தன் தோளில் போட்டுக்கொண்டார். அரிசி நனைந்து பாரமாகியிருந்தது. அம்மா அதை இடித்து மறுநாள் புட்டு அவித்தார். ஒழுங்கை முனைக்கு வந்து, வீட்டு வெளிச்சம் தெரிந்த பிறகுதான் அப்பாவுக்குப் பழைய குரல் திரும்பியது.

"ஏன்டா, மூட்டைய எங்கயும் இறக்க வேணாம்னுதானே சொன்ன?"

"ஆமா."

"பொலிஸ்ல கொண்டுபோய் இறக்கியிருக்கியே. அதுக்குச் சம்பளம் தனியா கேளு."