ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்ட பேர்

எங்கள் சர்ச்சில் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது ஊரை விட்டுப் போவதாக இருந்தால், அதற்கு முந்தைய ஞாயிறு அவர்களை முன்னால் நிறுத்துவார்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து அவர்களுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். ஒருத்தரை ஒருத்தர் திடப்படுத்தச் சொல்லி வேதத்தில் இருக்கிறது, அதைச் செய்கிறோம் என்பார் உபதேசியார். சின்ன சர்ச். எங்கள் தாத்தாக்கள் கரும்பு வெட்டக் கப்பலேறி வந்த தீவு இது, ஊர் தவுவா, இங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் கொஞ்சம் பேர்தான். முன்பெல்லாம் அந்த வழக்கத்துக்கு வேலையே இருக்காது. யாரும் எங்கேயும் போகவில்லை.

ராணுவம் இரண்டாம் தடவையாக ஆட்சியைப் பிடித்த வருஷம் எல்லாரும் போக ஆரம்பித்தார்கள். நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, கனடா. ஞாயிறு தவறாமல் யாராவது முன்னால் நின்றார்கள். அந்த வருஷம் புகழ்ந்த மாதிரி நாங்கள் ஒருவரை ஒருவர் எப்போதும் புகழ்ந்ததில்லை. போகிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள் ஆனார்கள். வேலித் தகராறில் வருஷக்கணக்காகப் பேசாதவர்கள்கூட எழுந்து நின்று அழுதார்கள்.

என் மாமாவும் நின்றார். அம்மாவுக்குத் தம்பி. பக்கத்தில் அத்தை, அவள் கையில் குழந்தை. அத்தையின் அண்ணன் கனடாவிலிருந்து கூப்பிட்டிருந்தார். மாமா கைராசிக்காரர் என்றார்கள். கரும்பு வெட்டுவதில் அவருக்கு ஈடு கிடையாது என்றார்கள். பாட்டுக்குக் குரல் எடுக்க இனிமேல் யார் இருக்கிறார்கள் என்றார்கள். மாமா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். காது சிவந்து போயிருந்தது.

அப்பாவின் முறை வந்தது. எழுந்தார். முன் பெஞ்சின் விளிம்பைப் பிடித்தார்.

"சரி," என்றார். உட்கார்ந்துவிட்டார்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். அம்மா வீடு வரைக்கும் அப்பாவோடு பேசவில்லை. அப்பாவுக்கு அது வசதியாகத்தான் இருந்திருக்கும்.

மாமா எல்லாவற்றையும் கொடுத்துவிட்டார். பானை சட்டி ஒரு வீட்டுக்கு, சேவல் ஒரு வீட்டுக்கு. கரும்பு வெட்டும் கத்தியைக்கூட, கேங்கில் தன்னோடு சேர்ந்து வெட்டுகிற ஒருவருக்குக் கொடுத்தார். ஒரு லாரி பிடித்து எல்லாரும் நாந்தி விமான நிலையம் போனோம். மாலை போட்டோம். அழுதோம். திரும்பி வந்தோம்.

மறுநாள் மத்தியானம் பஸ்ஸிலிருந்து மாமா இறங்கினார். தனியாக. கழுத்தில் மாலை இல்லை.

அவருடைய காகிதத்தில் ஏதோ ஒரு முத்திரை குறைவாம். அத்தைக்கும் குழந்தைக்கும் எல்லாம் சரியாக இருந்ததாம். அங்கேயே நின்று பேசி, நீங்கள் இரண்டு பேரும் முதலில் போங்கள் என்று மாமா அனுப்பிவிட்டார். துணிப்பெட்டியும் அத்தையோடு போய்விட்டது. மாமா காலி வீட்டுக்குள் போனார். கதவைச் சாத்திக்கொண்டார்.

உபதேசியார் வந்தார். மூப்பர்கள் வந்தார்கள். கர்த்தர் ஏதோ நினைத்துத்தான் உன்னை நிறுத்தி வைத்திருக்கிறார் என்றார்கள். எல்லாம் நன்மைக்கே என்றார்கள். நல்ல வார்த்தைகள்தான், குறை சொல்லக் கூடாது. ஆனால் சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். இரண்டாவது தடவை வந்தபோது மாமா கதவைத் திறக்கவில்லை.

கேங்கில் அவருக்குக் 'கனடா' என்று பேர் வைத்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் கரும்புக்காரர்கள் ஒரு கேங்காகச் சேர்ந்து முறை வைத்து ஒவ்வொருவர் காட்டையும் வெட்டுவார்கள். அப்பாதான் சர்தார், கேங்குக்குத் தலைவர். விடியும் முன்னே ரோட்டில் நடந்து போய் ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும் நின்று பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். பேர் கூப்பிட்டால் ஆள் கத்தியோடு வெளியே வருவான். கேங்கில் அப்பாவும் மாமாவும் மட்டும்தான் கிறிஸ்தவர்கள்.

அந்த வருஷம் அது லேசான விஷயம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை யாரும் வேலை செய்யக் கூடாது, கடை திறக்கக் கூடாது, பஸ் ஓடக் கூடாது என்று ராணுவம் சட்டம் போட்டிருந்தது. கர்த்தருடைய நாளாம். பாலத்தில் துப்பாக்கியோடு நின்று பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னா சர்தார், உங்க சாமி துப்பாக்கி தூக்கிட்டு வந்துட்டாரே," என்பார்கள் கேங்கில். "கனடாவ மட்டும் ஏன் கைவுட்டுட்டாரு?"

அப்பா அடுத்த கரும்பை வெட்டுவார்.

ஒரு நாள் அம்மா மாமாவின் கொட்டகையிலிருந்து புல் மருந்து டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தாள். புல்லைக் கருக அடிக்கிற விஷம். தூண்கள் மேல் நிற்கிற எங்கள் வீட்டுக்கு அடியில், கட்டைகளுக்குப் பின்னால் வைத்தாள். நமக்குத்தான் ஒரு டின் இருக்கிறதே, எதற்கு இன்னொன்று என்று கேட்டேன். வாயை மூடு என்றாள். மாமா ஊரில் இல்லாதது மாதிரி இருக்கிறார், அம்மா அதற்குள் அவர் சாமானை எடுத்துக்கொள்கிறாளே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் அம்மா அப்பாவிடம் சொன்னாள். "சோறு வெச்சா நாய்க்கு வெச்சிடறான். ஒத்தையில கெடந்து ஏதாவது பண்ணிக்கப் போறான். நீங்க போய் ஒரு நல்ல வார்த்த சொல்லுங்க."

"எனக்குப் பேச வராது."

"அன்னிக்கு சர்ச்சுல சொல்லியிருக்கணும். சரியாம் சரி!"

அப்பா கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

மறுநாள் காலையில் அப்பாவின் குரல் கேட்டு விழித்தேன். மாமா வீட்டு கேட்டில் நின்று கூப்பிடுகிறார். கனடா என்று இல்லை. மாமாவின் ஞானஸ்நானப் பேர், முழுப் பேர். பதில் இல்லை. அப்பா நின்றார். உள்ளே மாமா இருமினார். அப்பா அடுத்த வீட்டுக்குப் போனார்.

அதற்குப் பிறகு தினமும் இதுதான். கூப்பிடுவார். நிற்பார். உள்ளே இருமலோ, பலகை முனகுவதோ ஏதாவது சத்தம் கேட்ட பிறகுதான் நகர்வார். கேங்கில் முணுமுணுத்தார்கள். கேங்கில் பேர் இருந்தால் வெட்ட ஒரு பங்கும் உண்டு. ஆள் வராவிட்டால் அந்தப் பங்கை மற்றவர்கள் வெட்ட வேண்டும்.

"கனடாவோட வரிசையும் நம்ம தலையிலயா சர்தார்? பேர அடிச்சிட்டு வேற ஆளப் போடு."

"நான் வெட்டறேன்," என்றார் அப்பா.

வெட்டினார். இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வருவார். கரும்புக்கரி முகமெல்லாம் அப்பியிருக்கும். சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார்.

பிறகு ஒரு ஞாயிறு. அம்மா சர்ச்சைப் பெருக்க முன்னாடியே போய்விட்டாள். வேதப் புத்தகமும் பாட்டுப் புத்தகமும் அவளிடம். பஸ் இல்லாததால் நானும் அப்பாவும் நடந்து போனோம். அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மாமா வீட்டு கேட் வந்ததும் நின்றார். வாய்க்கு இரண்டு பக்கமும் கையை வைத்துக் கூப்பிட்டார்.

எனக்குப் பயமாகிவிட்டது. "அப்பா, இன்னிக்கு வேலை கெடையாது," என்றேன். அப்பா மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் இன்னொரு தடவை கூப்பிட்டார். வீட்டுக்குள் ஒரு சத்தமும் இல்லை. இருமல்கூட இல்லை. மூன்றாவது தடவை கூப்பிட்டபோது குரல் வேறு மாதிரி இருந்தது.

பாலத்துப் பக்கமிருந்து ராணுவ வண்டி வந்து நின்றது. இரண்டு சிப்பாய்கள் இறங்கினார்கள். எங்கள் ஊரில் எல்லாரும் இந்தி பேசுவார்கள், அவர்களும் பேசினார்கள்.

"ஞாயித்துக்கிழமை வேலைக்கு ஆள் கூப்பிடறியா?" என்றான் பெரியவன்.

"இல்ல," என்றார் அப்பா. அதோடு நிறுத்திக்கொண்டார். இன்னும் நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்பா கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ கேங் சர்தார்தானே? தினமும் இங்க நின்னு கத்துறியே. பாலம் வரைக்கும் கேக்குது. வண்டியில ஏறு."

அப்பாவின் கையைப் பிடித்தான். நான் அழ ஆரம்பித்தேன்.

அப்போது கதவு திறந்தது. மாமா ஓடி வந்தார். தாடி, கிழிந்த பனியன், இடுப்பில் ஒரு துண்டு. "சர்ச்சுக்கு! சர்ச்சுக்குத்தான் என்னக் கூப்பிடறாரு! வுடு அவர!"

சிப்பாய் அவரை மேலும் கீழும் பார்த்தான். "நீ யாரு?"

மாமா பேரைச் சொன்னார்.

இரண்டு சிப்பாய்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்னவன் சிரித்துவிட்டான். "நீதானா அது? உன் பேர் எங்களுக்கே மனப்பாடம். தினமும் கூப்பிடறாரே, ஏன்யா வரமாட்டேங்கற?"

மாமா இடுப்புத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"சர்ச்சுக்குன்னா ஏறுங்க," என்றான் பெரியவன். "நாங்களே கொண்டு விடறோம்." பாதி நம்பவில்லை என்று தெரிந்தது.

மாமா உள்ளே போய் கரும்புக் காட்டுச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தார். மற்றதெல்லாம் கனடாவில் இருந்தது. வண்டியின் பின்னால் மூன்று பேரும் உட்கார்ந்தோம். கொஞ்ச தூரம் போனதும் மாமா தமிழில் கேட்டார்.

"இன்னிக்கு வேலை இல்லன்னு தெரியாதா மச்சான்?"

"தெரியும்."

"அப்புறம் இன்னாத்துக்குக் கூப்ட்ட?"

அப்பா ரோட்டைப் பார்த்தார். "பேரு இருக்குது. கூப்ட்டேன்."

மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். வண்டி குலுங்கியது. அவர் தோளும் குலுங்கியது. வண்டிதான் காரணம் என்று நினைத்தேன்.

ராணுவ வண்டி சர்ச் முன்னால் நின்றதும் உள்ளே பாட்டு நின்றுபோனது. அம்மா வாசலுக்கு ஓடி வந்தாள். நாங்கள் இறங்குவதைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். சிப்பாய்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். உபதேசியார் பாட்டை மறுபடி ஆரம்பித்தார், சுருதி எங்கேயோ போனது. அன்றைக்கு மாமாவிடம் யாரும் ஒரு நல்ல வார்த்தையும் சொல்லவில்லை. பெஞ்சில் இருந்தவர் நகர்ந்து இடம் கொடுத்தார். அவ்வளவுதான். இரண்டாம் பாட்டில் சுருதி சரியாகிவிட்டது. மாமா எடுத்துக் கொடுத்தார்.

திங்கட்கிழமை அப்பா கூப்பிட்டபோது மாமா கேட்டில் நின்றார். கத்தியை வாங்கியிருந்தவர் அதை அவர் கையில் திணித்தார்.

"இந்தா, உன் கத்தி. எனக்கு வெட்டவே மாட்டேங்குது. சேவலக் கேக்காதே, அந்த வூட்டுல குழம்பு வெச்சிட்டாங்க."

"கொஞ்சம் மிச்சம் வெச்சாங்களா?" என்றாராம் மாமா. அடுத்த வருஷம் அவரும் கனடா போய்ச் சேர்ந்தார்.

ஆனால் அந்த ஞாயிறு மத்தியானத்தைச் சொல்ல வேண்டும். சர்ச் முடிந்து மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா சோறு போட்டுக்கொண்டே இருந்தாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். அப்பாவைக் காணோம். தேடிப் போனேன். வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி அருகில் தரையில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டையோடு. இரண்டு கையும் நடுங்கின. கையை அக்குளில் வைத்து அழுத்திக்கொண்டார். அப்போதும் உடம்பு நடுக்கம் நின்றபாடில்லை.

சிப்பாய்களை நினைத்துப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். அவர்கள்தான் போய்விட்டார்களே.

"அப்பா, காய்ச்சலா?" என்றேன்.

"ம். குளிருது," என்றார்.

உள்ளே ஓடிப் போய்க் கம்பளியை எடுத்து வந்தேன். தோளைச் சுற்றிப் போர்த்தினேன். உச்சி வெயில். தகரக் கூரை படபடவென்று வெடிக்கிற வெயில். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. கம்பளியை இழுத்து மூடிக்கொண்டார். காய்ச்சல்தான் என்று அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.